அப்பத்தாக்களுக்கும் ஆயாக்களுக்கும் ஒரு பி.டி. வாத்தியாரின் மடல்

செட்டிநாட்டு ஊர்களில் பேரன் பேத்திகளுக்குச் சோறூட்டிக்கொண்டிருக்கும் அப்பத்தாக்களுக்கும் ஆயாக்களுக்கும் வணக்கம்.

காரைக்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் நான் உடற்கல்வி ஆசிரியர். பிள்ளைகளுக்கு பி.டி. சார். இந்த மடலைப் பெற்றோருக்குத்தான் எழுத உட்கார்ந்தேன். அப்புறம் யோசித்துப் பார்த்தால், சாயங்காலம் நாலு மணிக்கு வேனிலிருந்து இறங்கும் பிள்ளை வந்து சேர்வது உங்கள் கையில்தான். அப்பா சிங்கப்பூரிலோ சென்னையிலோ இருப்பார். அம்மா வேலை முடிந்து வர ஏழு மணி ஆகும். நடுவில் அந்த மூன்று மணி நேரமும் நீங்கள்தான் எல்லாம். அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

பலகார டின்னைப் பூட்டி வையுங்கள் என்று சொல்ல வரவில்லை. பயப்படாமல் மேலே படியுங்கள்.

போன வருடம் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் மைதானத்தை ஒரு சுற்று ஓடி முடிப்பதற்குள் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டான். மூச்சு இரைத்தது. அதட்டி எழுப்பப் போனேன். அவன் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. இப்படி வகுப்புக்கு நாலைந்து பேர் இருக்கிறார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒருவனைத் தேடிப் பிடிக்க வேண்டும். என் ஊர்க்கதை மட்டுமில்லை இது. உலக அளவில் ஆய்வாளர்கள் சேர்ந்து 2024இல் வெளியிட்ட கணக்குப்படி, இந்தியாவில் 5 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் உடல்பருமன் உள்ளவர்கள் 2022இல் ஏறக்குறைய 1.25 கோடி. 1990இல் இது சுமார் 4 லட்சம்தான்.

ஓட்டம் போதவில்லை, அவ்வளவுதான் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். பி.டி. வாத்தியாருக்கு வேறென்ன தோன்றும்? 5 வயதிலிருந்து 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடமாவது உடம்பு வேர்க்க ஆட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரத்துக்கு 420 நிமிடம். எனக்குக் கிடைப்பது வாரத்துக்கு இரண்டு பீரியட், 80 நிமிடம். வரிசையில் நிறுத்தவே அதில் கால்வாசி போய்விடும். பரீட்சை நெருங்கினால் அதையும் கணக்குப் பாடத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். இதைப் பற்றித் தனியாக ஒரு மடல் எழுத வேண்டியிருக்கிறது, அது உங்களுக்கு இல்லை.

என் முடிவை ஆட்டிப் பார்த்தது ஓர் அமெரிக்க ஆய்வு. தாமஸ் ராபின்சன் என்ற மருத்துவர் 1999இல் வெளியிட்டது. கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் இரண்டு பள்ளிகள், மூன்றாம் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் 192 பேர். ஒரு பள்ளியில் மட்டும் ஆறு மாதம் பாடம் நடத்தி, டிவி பார்ப்பதையும் வீடியோ கேமையும் குறைக்க வைத்தார்கள். இப்படிச் சாப்பிடு, இவ்வளவு ஓடு என்று எதுவும் சொல்லவில்லை. வருடக் கடைசியில் பார்த்தால், மற்றப் பள்ளிப் பிள்ளைகளைவிட இவர்களுக்கு எடை கூடியது குறைவு. சரி, டிவியை விட்ட நேரத்தில் ஓடியாடியிருப்பார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் ஓட்டத்திலும் விளையாட்டிலும் சொல்லும்படி வித்தியாசம் தெரியவில்லை. தெளிவாகக் குறைந்த ஒன்று, டிவி முன்னால் உட்கார்ந்து சாப்பிட்ட வேளைகள்.

அந்த இடத்தில் என் வீட்டுக் கூடம் கண்ணுக்கு வந்தது. தூணில் சாய்ந்து என் எட்டு வயதுப் பையன். மடியில் போன். பக்கத்தில் கிண்ணத்தோடு என் அம்மா. வாய் தானாகத் திறக்கும், சோறு உள்ளே போகும். என்ன குழம்பு என்று கேட்டால் அவனுக்குத் தெரியாது. வயிறு நிறைந்தது தெரிய வேண்டுமானால் புத்தி கொஞ்சமாவது சோற்றின் மேல் இருக்க வேண்டுமே.

விளம்பரம் வேறு இருக்கிறது. 2009இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 7 முதல் 11 வயதுப் பிள்ளைகளை கார்ட்டூன் பார்க்க விட்டு, கையில் நொறுக்குத்தீனியும் கொடுத்தார்கள். ஒரு பகுதியினருக்கு இடையில் தின்பண்ட விளம்பரம், மற்றவர்களுக்கு வேறு விளம்பரம். தின்பண்ட விளம்பரம் பார்த்தவர்கள் 45 சதவீதம் கூடுதலாகத் தின்றார்கள். விளம்பரத்தில் வந்த பண்டம் ஒன்று, கையில் இருந்தது இன்னொன்று. அப்படியும் கை நிற்கவில்லை.

“போனைக் கொடுக்காவிட்டால் வாயே திறக்க மாட்டேங்குறானே தம்பி” என்பீர்கள். என் அம்மா சொன்னதும் இதுதான். இரண்டு மூன்று நாள் அப்படித்தான் இருக்கும், பொய் சொல்லமாட்டேன். ஒரு வேளை அரைக் கிண்ணத்தோடு எழுந்து போனால் போகட்டும், அடுத்த வேளை பசிக்கும். லீயான் பர்ச் என்ற அம்மையார் பிள்ளைகள் சாப்பிடும் விதத்தை ஆராய்வதையே வாழ்நாள் வேலையாக வைத்திருந்தவர். தட்டில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்துச் சாப்பிடப் பழகும் பிள்ளை, தன் வயிறு சொல்வதைக் கவனிக்க மறந்துவிடுகிறது என்று 1987இலேயே காட்டினார். “ஒரு பருக்கை மிச்சம் வைக்கக் கூடாது” என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். அரிசி அருமையாக இருந்த காலத்தில் அது நியாயம். இப்போது முதலிலேயே கொஞ்சமாக வைத்து, கேட்டால் மறுபடி வைக்கலாமே. சோறும் வீணாகாது.

பலகாரத்துக்கு வருகிறேன். “கீரையைத் தின்னு, சீப்புச் சீடை தர்றேன்” என்று சொல்லாத வீடு நம் பக்கம் உண்டா? பர்ச் அம்மையார் இதையும் சோதித்தார். பரிசாகக் கொடுத்த பண்டத்தின் மேல் பிள்ளைக்கு ஆசை கூடியது. எதைத் தின்றால் பரிசு என்றார்களோ அது பிடிக்காமல் போனது. ஆகக் கீரைக்கு நாமே எதிரி. கண்ணுக்குத் தெரியும்படி வைத்துவிட்டுத் தொடாதே என்று தடுத்தாலும் ஆசை கூடத்தான் செய்தது. அதனால்தான் டின்னைப் பூட்டச் சொல்லவில்லை என்றேன். மனகோலமும் தேன்குழலும் தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் சுட்ட காலத்தில் யாரையும் கெடுக்கவில்லை. இப்போது வருடம் முழுக்கக் கடையில் கிலோக் கணக்கில் கிடைக்கிறது, பாக்கெட் சிப்ஸ் அதற்கு மேல். தட்டில் இரண்டு எடுத்து வைத்து, பிள்ளையை உட்கார வைத்துப் பேசிக்கொண்டே கொடுங்கள். கீரையோடு பேரம் மட்டும் வேண்டாம்.

“எம் பேரன் எலும்பும் தோலுமா இருக்கான், அவனுக்கென்ன?” என்பவர்களுக்கு ஒரு சொல். புனேயில் டாக்டர் யாஜ்னிக் குழுவினர் பிறந்த குழந்தைகளை அளந்து பார்த்தார்கள். நம் குழந்தை சராசரி 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தை 3.5 கிலோ. எடை இவ்வளவு குறைந்தும் நம் குழந்தையிடம் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை, குறைந்துபோனது பெரும்பாலும் தசைதான். ஒல்லி என்பதற்காக ஓடாமல் இருக்கலாம் என்று ஆகாது.

ஓட இடம் உங்களிடம் இருப்பது போல வேறு யாரிடம் இருக்கிறது? நம் செட்டிநாட்டு வீட்டுக்கு முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் அடுத்த தெரு. முகப்பிலிருந்து பின்கட்டு வரை நாலு பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடினால் எனக்குப் பாதி வேலை மிச்சம். பாண்டி ஆட வளவில் சாக்பீஸ் கோடு போட்டால் திட்டாதீர்கள், தண்ணீர் விட்டால் போய்விடும். பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தால் தெருப் பிள்ளைகளை உங்கள் வீட்டுக்குக் கூப்பிடுங்கள்.

இதையெல்லாம் ஒரு ராத்திரி அம்மாவிடம் விளக்கமாகச் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, “நீ இப்ப என்ன பண்ணிக்கிட்டிருக்க?” என்றார். என் இடது கையில் போன், வலது கையில் இட்லி. பையன் கையிலிருந்த போனையும் என்னுடையதையும் வாங்கி, காலியாகக் கிடந்த முறுக்கு டின்னில் போட்டு மூடிவிட்டார். நாலாவது நாள் பையன் “போதும் அப்பத்தா” என்று கையை நீட்டித் தடுத்தான். அம்மாவுக்கு மனசே வரவில்லை. உருட்டி வைத்த கடைசி உருண்டையைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டுத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

இப்படிக்கு,
உங்கள் பேரப்பிள்ளைகளின் பி.டி. சார்