3,500 கிலோவை இழுக்கும் வாகனம் எத்தனை கிலோவை நிறுத்தும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

மதிப்புக்குரிய ஐயா,

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்துவிடப்பட்ட பின்னர், டபிள் கெப் எனப்படும் பிக்கப் வாகனங்களின் பின்னால் படகு, ஜெனரேற்றர், தண்ணீர்த் தாங்கி என்று எதையாவது கட்டி இழுத்துச் செல்லும் காட்சி எமது வீதிகளில் சாதாரணமாகிவிட்டது. இழுப்பதற்கென்று கொக்கி, மேலதிக வில்லுத்தகடு, அகன்ற ரயர் எல்லாவற்றுக்கும் தாராளமாகச் செலவு செய்யும் எம்மவர்கள், நிறுத்துவதற்கு என்று வரும்போது துளையிட்ட பிறேக் டிஸ்க் (சில்லோடு சுழலும் தட்டு) ஒரு சோடியை வாங்கி மாட்டிவிட்டு நிம்மதியடைகிறார்கள். பருத்தித்துறையில் படகு வைத்திருப்பவனும், அதற்கு முன்னர் பல ஆண்டுகள் கராஜ் ஒன்றில் வேலை செய்தவனும் என்ற வகையில், இந்த நிம்மதி தவறான இடத்தில் தேடப்படுகிறது என்பதைத் தங்கள் பத்திரிகை வாயிலாகச் சொல்ல விரும்புகிறேன்.

இன்றைய டபிள் கெப் வாகனங்கள் பலவற்றைப் பற்றி விற்பனையாளர்கள் பெருமையாகச் சொல்லும் எண் 3,500 கிலோ. அவுஸ்திரேலியா போன்ற நாடுகளில் அதே வாகனங்களின் கைநூலைப் பார்த்தால், அந்த எண்ணுக்குப் பக்கத்தில் இன்னோர் எண்ணும் அச்சிடப்பட்டிருக்கும்: 750 கிலோ. முதலாவது, தனக்கென்று பிறேக் உள்ள ட்ரெயிலருக்கு உரியது. இரண்டாவது, பிறேக் இல்லாத ட்ரெயிலருக்கு உரியது. ஐரோப்பாவிலும் 750 கிலோவைத் தாண்டிய ட்ரெயிலர் பிறேக் இல்லாமல் வீதிக்கு வர முடியாது. இங்கே நாம் இழுப்பவற்றில் பெரும்பாலானவை பிறேக் இல்லாதவை. ஆகவே எமக்குரிய எண் 750 தான். எத்தனை விலையுயர்ந்த டிஸ்க்கை வாகனத்தில் மாட்டினாலும் அது 3,500 ஆகிவிடாது.

பிறேக்கின் வேலை, ஓட்டத்தின் சக்தியை வெப்பமாக மாற்றிக் காற்றில் விடுவது. வாகனமும் சுமையும் ட்ரெயிலரும் சேர்ந்து 4 தொன் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்திலிருந்து ஒருமுறை முழுமையாக நிறுத்தும்போது பிறக்கும் வெப்பம், கிணற்றில் அள்ளிய இரண்டரை லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. அந்த வெப்பம் முழுவதும் ஒருசில வினாடிகளில் நான்கு சில்லுகளுக்குள், அதிலும் பெரும்பகுதி முன்சில்லுகள் இரண்டுக்குள், இறங்குகிறது. வேகம் 50 இலிருந்து 70 ஆக ஏறும்போது கூடுவது 20 தானே என்று தோன்றினாலும், பிறேக் தாங்க வேண்டிய சக்தி ஏறத்தாழ இருமடங்காகிவிடுகிறது. யாழ்ப்பாணம் சமதரை என்பதால் பிறேக் சூடாகாது என்று நினைப்பவர்கள், சாவகச்சேரியிலிருந்து நாவற்குழி வரை எத்தனை தடவை மிதியில் கால் வைக்கிறார்கள் என்பதை ஒருநாள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முல்லைத்தீவிலிருந்து படகை இழுத்துக்கொண்டு வந்த ஒரு மாலையில், செம்மணி வளைவுக்கு அண்மையில் முன்னால் சென்ற பஸ் திடீரென நின்றது. மிதியை அழுத்தினேன்; முன்சில்லுகள் கிறீச்சிட்டு வழுக்கின, மிதியோ பஞ்சுபோல் உள்ளே போனது, பின்னாலிருந்து படகு தள்ளியது. கியரைக் குறைத்து வீதியோர மண்ணில் இறக்கியதால் தப்பினேன். அடுத்த நாள் வாகனத்தின் கீழே படுத்துப் பார்த்தபோதுதான் காரணம் விளங்கியது. சில மாதங்களுக்கு முன்னர் ஓரிடத்தில் பின்பக்கத்துக்கு இரண்டு வில்லுத்தகடுகளைக் கூடுதலாகப் போட்டிருந்தேன். பல பிக்கப்களில் பின் அச்சையும், சட்டகத்தில் பொருத்திய ஒரு சிறிய வால்வையும் ஒரு கம்பி இணைத்திருக்கும். சுமை ஏறிப் பின்பக்கம் தாழும்போது அந்தக் கம்பி வால்வைத் திறந்து, பின்சில்லுகளின் பிறேக்குக்குக் கூடுதல் அழுத்தத்தை அனுப்பும். வில்லுத்தகடு கூடியதால் பின்பக்கம் தாழவேயில்லை. ஆதலால் வாகனம் வெறுமையாக ஓடுகிறது என்றே வால்வு நினைத்துக்கொண்டது. ட்ரெயிலரின் பாரம் கொக்கியில் அமர்ந்து முன்பக்கத்தை இலேசாக்கியிருக்க, பிறேக் வேலை முழுவதும் அந்த இலேசான முன்சில்லுகளின் தலையில் விழுந்தது. கம்பியின் நீளத்தைச் சரிசெய்ய அரை மணித்தியாலம்கூட ஆகாது. தகடு போட்டவர்கள் அதைச் செய்யவில்லை. கராஜில் கைபழகிய நானும் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் வெட்கம்.

மிதி பஞ்சுபோல் போனதற்குக் காரணம் வேறு: நாம் பிறேக் ஒயில் என்று சொல்லும் திரவம். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். கடற்கரை ஊரில் இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. போத்தலில் டொட் (DOT) 3 என்று குறிக்கப்பட்ட வகையின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ். ஈரம் ஏறிய பின்னர் அந்த எல்லை 140 ஆக இறங்கிவிடுகிறது. டொட் 4 வகைக்கு இவை 230 உம் 155 உம் ஆகும். கொதித்த திரவத்தில் ஆவிக்குமிழ் உண்டாகும். குமிழ் அமுங்கும், மிதி தரைக்குப் போகும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இதை முழுமையாக மாற்றுவது, நான் அறிந்தவரையில் ஆகக் குறைந்த செலவில் ஆகக் கூடிய பலன் தரும் மேம்படுத்தல். எண் பெரிதாக இருக்கிறதே என்று டொட் 5 ஐ வாங்கிக் கலந்துவிட வேண்டாம். அது சிலிக்கன் வகை, மற்றவற்றோடு சேராது.

அடுத்தது, டிஸ்க்கை இருபுறமும் இறுக்கிப் பிடிக்கும் பாட். அதன் விளிம்பில் அச்சிட்ட குறியீட்டின் கடைசியில் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். முதலாவது குளிர்ந்த நிலையிலும் இரண்டாவது சூடான நிலையிலும் உள்ள பிடிமானத்தைக் குறிக்கும். சூட்டிலும் பிடிமானம் இறங்காத, உலோகத்தூள் கலந்த பாட் பாரம் இழுப்பவர்களுக்கு ஏற்றது. காலையில் கொஞ்சம் சத்தம் போடும், பொறுத்துக்கொள்ளலாம். துளையிட்ட டிஸ்க்கோ, தொடர்ந்து பாரம் இழுக்கும் வாகனத்தில் துளையோரங்களில் வெடிப்பு விடக்கூடியது. தரமான சாதாரண டிஸ்க்கே போதும். பாட்டை டிஸ்க்கோடு அழுத்தும் கலிப்பரைப் பெரிதாகப் போடுவோர், மிதியின் அழுத்தத்தைத் திரவத்துக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரையும் அதற்கேற்ப மாற்றாவிட்டால் மிதி இன்னும் ஆழமாகப் போகும். பெரிய ரயர் போட்டவர்களுக்கு ஒரு வார்த்தை: ரயரின் விட்டம் கூடக்கூட அதே பிறேக்கின் பிடி குறையும்.

இவையெல்லாம் செய்த பின்னரும் ட்ரெயிலர் தன்னைத் தானே நிறுத்தாவிட்டால் அரைக் கிணறு தாண்டிய கதைதான். எமது பட்டறைகளில் பழைய வான்களின் பின் அச்சை வெட்டியெடுத்து ட்ரெயிலர் ஒட்டுகிறார்கள். நான் பார்த்த பலவற்றில் பிறேக் டிறம்மும் அதை உள்ளிருந்து பிடிக்கும் சூவும் அப்படியே இருக்கும், பிறேக் குழாய் மட்டும் வெட்டப்பட்டிருக்கும். கொக்கியில் ஒரு சிறிய மாஸ்டர் சிலிண்டரைப் பொருத்தினால், வாகனம் வேகம் குறையும்போது ட்ரெயிலர் முன்னோக்கித் தள்ளும் அந்த விசையே சிலிண்டரை அமுக்கி, ட்ரெயிலரின் சில்லுகளையும் பிடிக்கும். மின்கம்பி தேவையில்லை என்பதால் கடலுக்குள் இறங்கும் ட்ரெயிலருக்கு மின்பிறேக்கைவிட இது பொருத்தமானது. பின்னோக்கித் தள்ளும்போது பிறேக் தானாகப் பிடிக்காதிருக்க ஒரு பூட்டு வைக்க வேண்டும். கொக்கி கழன்றால் பிறேக்கை இழுத்துப் பிடிக்கும் கம்பி ஒன்றும் வேண்டும். கடலில் இறக்கிய ஒவ்வொரு முறையும் டிறம்மை நல்ல தண்ணீரால் கழுவாவிட்டால், உப்பு ஒரே பருவத்தில் எல்லாவற்றையும் தின்றுவிடும்.

ஒவ்வோர் ஆண்டும் வருமான அனுமதிப்பத்திரத்துக்காக எமது பிக்கப்களின் புகையைப் பரிசோதிக்கிறார்கள். அவற்றின் பின்னால் என்ன கட்டப்பட்டிருக்கிறது, அது நிற்குமா என்று எவரும் கேட்பதில்லை. 750 கிலோவுக்கு மேற்பட்ட ட்ரெயிலர்களுக்குப் பிறேக் கட்டாயம் என்பதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் நடைமுறையில் கொண்டுவர வேண்டும். யாழ்ப்பாணத் தொழில்நுட்பக் கல்லூரியோ, கிளிநொச்சி அறிவியல்நகரிலுள்ள இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனமோ பட்டறைகளுக்கென ஒரு மாதிரி வரைபடத்தைத் தயாரித்துக் கொடுத்தால், கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் அதைத் தம் உறுப்பினர்களிடம் கொண்டுசேர்க்கலாம்.

அதுவரையில், தென்னிலங்கைக்குப் போய்வருவோர் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க நிறுத்தும்போது, நான்கு சில்லுகளின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்க்கட்டும். தொட வேண்டாம். ஒரு சில்லு மட்டும் மற்றவற்றைவிட அனல் வீசினால், அங்கே பிறேக் இறுகிக் கிடக்கிறது என்று பொருள். என் ட்ரெயிலரில் வெட்டப்பட்டிருந்த குழாயை மீண்டும் இணைத்து, கொக்கிச் சிலிண்டரும் பொருத்திவிட்டேன். அதற்கான செலவு ஒரு சோடி துளையிட்ட டிஸ்க்கின் விலையைவிடக் குறைவாகவே வந்தது.

இங்ஙனம்,
படகுச் சொந்தக்காரன் ஒருவன்,
பருத்தித்துறை.