வெள்ளை உடுப்புக்காரரும் நம் கவுன்சிலரும்

பழைய வண்ணாரப்பேட்டை,
ஞாயிறு காலை

அன்பு நண்பா,

உன் கடிதம் வியாழக்கிழமையே வந்துவிட்டது. கண் ஆபரேஷன் முடிந்து இரண்டு வாரம்தான் ஆகிறது, படிக்கக் கூடாதாம். பேத்தியை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். நீ திட்டியிருந்த இடங்களை எல்லாம் நாசூக்காகத் தாண்டிவிட்டாள் என்று நினைக்கிறேன்.

நம் வகுப்பில் கடைசி பெஞ்சுக்காரன், இரண்டு தடவை கவுன்சிலராக இருந்தவன், இப்போது எம்.எல்.ஏ. சீட்டுக்கு அலைகிறான் என்று எழுதியிருந்தாய். "தெருவிளக்கு மாட்டினவனுக்குச் சட்டசபை எதுக்கு?" என்று கேட்டிருந்தாய். அந்த ஒரு வரியில் மட்டும் எனக்கு உன்னோடு ஒத்துப்போகவில்லை.

நாம் சைக்கிளில் தினமும் தாண்டிப்போன காலேஜ் வாசலில் ஒரு பெயர் இருக்குமே, சர் தியாகராயா என்று? யார் எவர் என்று ஒரு நாளாவது கேட்டிருப்போமா? தி.நகரில் இருக்கும் அந்த 'தி'யும் அவர்தான். ரங்கநாதன் தெருவில் முட்டிமோதிப் புடவை எடுக்கும் கூட்டத்துக்கு இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

பிட்டி தியாகராயர் 1852-இல் பிறந்தவர். நெசவுக் குடும்பம், பி.ஏ. படிப்பு, சொந்தமாகத் தறிகள். 1882-இல் சென்னை மாநகராட்சிக்குள் நுழைந்தவர், ஏறக்குறைய நாற்பது வருஷம் அங்கேயே இருந்தார். நாற்பது வருஷம்! நம் ஆள் பத்து வருஷத்திலேயே களைத்துவிட்டான். 1916-இல் டி.எம். நாயரோடு சேர்ந்து அவர் தொடங்கியதைத்தான் நீதிக்கட்சி என்கிறோம். 1920 சென்னை மாகாணச் சட்டசபைத் தேர்தலில் அந்தக் கட்சி, தேர்ந்தெடுக்கும் 98 இடங்களில் 63-ஐப் பிடித்தது. சொத்தும் வரியும் இருந்தவர்களுக்கு மட்டும் ஓட்டு இருந்த காலம், அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஜெயித்த கட்சியின் தலைவர் என்பதால் கவர்னர் வெலிங்டன் இவரைத்தான் முதல் மந்திரியாகக் கூப்பிட்டார். மாட்டேன் என்றுவிட்டார். கடலூர் சுப்பராயலு ரெட்டியாரைக் கைகாட்டினார். பதவி மேல் ஆசையில்லாத மகான் என்று மேடையில் பேசுவார்கள். எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறது. அந்த இரட்டை ஆட்சியில் போலீஸ், நிதி எல்லாம் கவர்னர் பக்கம். கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி மாதிரி இலாகாக்கள்தான் மந்திரிகளுக்கு. பணப்பெட்டிச் சாவி இல்லாத அந்த நாற்காலி அவரை இழுக்கவில்லையோ என்னவோ. இது என் ஊகம்தான்.

ஆனால் சட்டசபை உறுப்பினராக இருந்துகொண்டே மாநகராட்சித் தலைவராகவும் இருந்தார். பின்னாளில் இதற்கு முட்டுக்கட்டை வந்தது. 2002-இல் சட்டம் போட்டு, எம்.எல்.ஏ.வும் மேயருமாக இருந்த ஸ்டாலினை ஒன்றில்தான் இருக்கலாம் என்றாக்கினார்களே, அது உனக்கு ஞாபகம் இருக்கும்.

மாநகராட்சியில் அவர் செய்ததில் என்னைப் பிடித்து நிறுத்துவது ஒன்றுதான். 1920 செப்டம்பரில் ஒரு தீர்மானம். ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதியம் சிற்றுண்டி, தலைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது. பிள்ளைகள் ஏழைகள், பசியால் பள்ளிக்கு வருவது குறைகிறது, அதுதான் காரணம். அப்புறம் இன்னும் நாலு பள்ளிகளுக்குப் போனது. பிள்ளைகள் எண்ணிக்கை ஏறியது. ஆனால் ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து சோறு போடக் கூடாது என்று மேலே இருந்து ஆட்சேபம் வந்து, 1925-இல் நின்றுபோனது. அதே வருஷம் அவரும் போய்ச் சேர்ந்தார்.

இதைத்தான் நான் உன்னிடம் சொல்ல வந்தேன். வார்டில் உட்கார்ந்திருப்பவனுக்குத்தான் எந்தப் பிள்ளை பட்டினியாக வருகிறது என்று தெரிகிறது. நிதியை எந்தத் தலைப்பில் எழுதலாம் என்பதை மேலே எவனோ தீர்மானிக்கிறான். அந்த 'மேலே'க்கு நம் ஆள் போக ஆசைப்பட்டால் அது தப்பா? எதற்குப் போகிறான் என்பதுதான் கேள்வி. அவனைப் பார்த்தால் ஒன்று கேள்: போன மழையில் அவன் வார்டில் பள்ளிக்கூட வாசலில் தண்ணீர் நின்றதே, அது யார் கையெழுத்துக்காக நின்றது? அதற்கு நேராகப் பதில் சொன்னால் நானே வந்து ஓட்டுக் கேட்கிறேன், இந்தக் கண்ணோடு.

மாநகராட்சி இருக்கும் ரிப்பன் கட்டடத்து முன்னால் தியாகராயர் சிலையாக நிற்கிறார். 'வெள்ளுடை வேந்தர்' என்று சும்மாவா சொன்னார்கள், எப்போதும் வெள்ளை உடுப்புதான். தை மாதம் நீ வரும்போது ஒரு சாயங்காலம் அந்தப் பக்கம் நடக்கலாம். மூட்டு வலிக்கு அந்த எண்ணெய் கிடைத்தால் ஒரு பாட்டில் கொண்டு வா. மைத்துனிக்கு என் விசாரிப்பைச் சொல்.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்