தமிழ் சார்னா பிள்ளையளுக்கு எப்படி இருக்கணும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பிள்ளைய தமிழ்ல மார்க் கொறயுறதுக்கு செல்போன்தான் காரணம்னு ஒரு வாசகர் எழுதியிருந்தாவ, அதப் படிச்சதுலருந்து மனசு கேக்கல. நான் ஸ்ரீவைகுண்டம் பக்கம் வீட்டுல வச்சு டியூஷன் எடுக்கேன், சாயங்காலம் வந்து உக்காந்ததும் பிள்ளைய பேசுற மொத பேச்சே எந்த டீச்சர் எப்படிங்கறதுதான்.

ஸ்ட்ரிக்டா இருந்தா பிடிக்காதுன்னு நாம நெனக்கோம். அப்படி இல்லவே இல்ல. திட்டுற சாரையும் பிடிக்குது, ஆனா ஆள் பாத்து திட்டக் கூடாது, அவ்வளவுதான். கிளாஸுக்குள்ள வந்ததும் கைட பாத்து கோடு போட்டுக்கோங்கன்னு சொல்லிட்டு எமிஸ் என்ட்ரி (பள்ளிக்கல்வித் துறை ஆன்லைன்ல பிள்ளைய விவரத்த ஏத்துற வேலை) போட போனத் தொறந்துட்டா அந்த பீரியட் அதோட சரி (அந்த வேலைய டீச்சர் தலையில கட்டுனதும் தப்புதான்). வாழைப்பழத்த வாளப்பளம்னு வாசிச்ச பையன எல்லார் முன்னாடியும் நிறுத்தி வச்சு சிரிச்சிருக்காவ, நம்ம பக்கம் வீட்டுல முக்கால்வாசிப் பேரு அப்படித்தான பேசுதோம், அந்தப் பையன் இப்ப எங்கிட்டகூட சத்தமா வாசிக்க மாட்டேங்கான்.

2023 டிசம்பர் வெள்ளத்துல வீட்டுக்குள்ள தண்ணி புகுந்து மொட்டைமாடியில கெடந்த பிள்ளை ஒருத்தி, இயற்கைப் பேரிடர்னு கட்டுரை வந்தப்ப அதையே எழுதிட்டா, ஆட்ட படியில இழுத்து ஏத்துனது, பக்கத்து வீட்டு ஆச்சி சுகர் மாத்திரை டப்பாவ மட்டும் தலைக்கு மேல தூக்கிட்டு வந்தது, எல்லாம். நோட்டு திரும்பி வந்தப்ப குறுக்க செவப்பு மையில ஒரு கோடு, நோட்ஸில் உள்ளதை எழுதவும்னு. மறுவருசம் வந்த சார் அதே கட்டுரைய கேட்டு வாங்கி, எங்க சின்ன ர எங்க பெரிய றன்னு பென்சில்ல திருத்தி, அவளையே கிளாஸ்ல வாசிக்க வச்சாவ. இப்ப அவளே லைப்ரரிக்குப் போயி புக் எடுத்துப் படிக்கா. அந்த சார் லீவு போட்டா பிள்ளையளுக்கு மூஞ்சி தொங்கிருது.

இன்ஜினியரிங் கட்ஆஃப்ல தமிழ் வராதுன்னு அந்த பீரியட கணக்குக்குக் குடுத்துருதாவ. நாளைக்கு இதே பிள்ளைய அரசு வேலைக்கு டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 பரீட்சை எழுதப் போனா தமிழ்ப் பகுதிக்கு மட்டும் 150 மார்க், அதுல 60 எடுக்கலன்னா மத்த பகுதிய திருத்தவே மாட்டாவ.

பள்ளிக்கல்வித் துறைகிட்ட உங்க பேப்பர் மூலமா கேக்கேன், சொந்தமா எழுதுன கட்டுரைக்கு மார்க் கொறைக்கக் கூடாதுன்னு பேப்பர் திருத்துறவங்களுக்கு தெளிவா எழுதிக் குடுங்க. தமிழ் பீரியட தமிழுக்கே விடுங்க.

இப்படிக்கு,
ஒரு டியூஷன் டீச்சர்,
ஸ்ரீவைகுண்டம் வட்டாரம்