தொக்கு பாட்டிலை வீட்டிலேயே வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் வெளிநாட்டுச் சுற்றுலா போகும் தம்பதியருக்கென்று அரைப் பக்கம் யோசனைகள் போட்டிருந்தீர்கள். பாஸ்போர்ட் நகல் இரண்டு, சர்க்கரை மாத்திரை கைப்பையில், வழுக்காத செருப்பு, எல்லாம் சரியான பேச்சு. சாப்பாட்டுக்கு வந்ததும்தான் எனக்குத் தாங்கவில்லை. சின்ன ரைஸ் குக்கர், புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு, பருப்புப் பொடி கொண்டுபோங்கள், மூன்று வேளையும் இந்தியச் சாப்பாடு தரும் பேக்கேஜாகப் பார்த்து எடுங்கள் என்று இருந்தது. அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம்தான், வெட்டினால் மலைக்கோயில் பகுதியை வெட்டுங்கள், சாப்பாட்டை வெட்டாதீர்கள்.

எனக்கு 62 வயது. அஞ்சலகக் கவுண்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். வீட்டுக்காரர் மின்வாரியம். சென்ற பிப்ரவரியில் இருவரும் மலேசியாவில் இருக்கும் பினாங்குத் தீவுக்குப் போய் நான்கு நாள் இருந்துவிட்டு வந்தோம்.

முதலில் ஒரு டிராவல்ஸில்தான் விசாரித்தோம். ஆறு நாளில் மூன்று நாடு என்றார்கள். தாளில் நேரம் போட்டு வைத்திருந்தார்கள்: இந்தக் கோபுரம் 40 நிமிடம், அந்தக் கோயில் 30 நிமிடம். "சாப்பாட்டைப் பத்திக் கவலையே படாதீங்கம்மா, காலையில இட்லி, ராத்திரி சப்பாத்தி, எல்லாம் நம்ம சாப்பாடுதான்" என்றான் அங்கிருந்த பையன். அதோடு எனக்கு மனசு விட்டுப்போயிற்று. நம்ம சாப்பாடு சாப்பிடத்தான் நாகப்பட்டினத்தில் வீடு இருக்கிறதே.

பினாங்கு என்று நான் பிடிவாதம் பிடித்ததற்குக் காரணம் அப்பா. 1956இல் இங்கிருந்து ரஜூலா கப்பலில் ஏறியவர். அந்தப் பெரிய கப்பல் கரைக்கு வராது, படகில் போய்த்தான் ஏற வேண்டும். பினாங்கில் மளிகைக் கடை ஒன்றில் ஐந்து வருடம் மூட்டை தூக்கி, கணக்கும் எழுதிவிட்டுத் திரும்பினார். அந்த ஊரில் என்னப்பா பார்த்தீங்க என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட உட்கார்ந்தால், சோற்றில் மீன் குழம்பை ஊற்றி, அதன் தலையிலேயே கறிக்குழம்பையும் ஊற்றி, ஓரத்தில் ஒரு கரண்டி பருப்பையும் விடச் சொல்வார். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். "ஒண்ணை ஊத்திக்கிட்டுத் தின்னா என்ன? கழனித் தொட்டி மாதிரி!" அப்பா பதில் சொல்ல மாட்டார். உறிஞ்சி உறிஞ்சிச் சாப்பிடுவார்.

இப்போது போவது சுலபம். 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்கள் 30 நாள் வரை மலேசியாவுக்கு விசா இல்லாமல் போகலாம். 2024 டிசம்பரில் சென்னையிலிருந்து பினாங்குக்கே நேர் விமானமும் வந்துவிட்டது, நாலு மணி நேரம். போவதற்கு மூன்று நாள் முன்பிருந்து இணையத்தில் ஒரு வருகைப் படிவம் நிரப்ப வேண்டும். அதற்குக் காசே கிடையாது. எங்கள் தெருப் பக்கம் ஒருவர் ஆளுக்கு 500 ரூபாய் கேட்டார். பேரன் செல்போனில் பத்து நிமிடத்தில் போட்டுக் கொடுத்தான். உங்கள் இணைப்பில் தொக்குக்கு ஒதுக்கிய இடத்தில் இந்த ஒரு வரியைப் போட்டிருந்தால் நாலு பேருக்குப் பிரயோசனமாக இருந்திருக்கும்.

பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனில், சூலியா தெருவையொட்டி, கீழே கடையும் மேலே வீடுமாக இருந்த ஒரு பழைய கடைவீட்டு விடுதியில் தங்கினோம். 2008இல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய ஊர். கடைகளுக்கு முன்னால் வெயிலும் மழையும் படாமல் நடக்கிற தாழ்வாரத்தை அங்குள்ள தமிழர்கள் அஞ்சடி என்கிறார்கள். ஐந்தடி அகலம், அதனால் அந்தப் பெயர். சில இடங்களில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி அடைத்து வைத்திருந்தார்கள், அது நம்மூர் மாதிரியேதான். வீட்டுக்காரர் அண்ணாந்து ஒயரிங்கைப் பார்த்துக்கொண்டே வந்தார், பணி ஓய்வு ஆளுக்குத்தான், கண்ணுக்கில்லை.

முதல் நாள் காலை விடுதி வாசலில் வயதான அம்மா ஒருவர், "பசியாறிட்டீங்களா?" என்றார். நாகூர்ப் பக்கம் கேட்ட பேச்சு. கடல் தாண்டி அதே வார்த்தை காதில் விழுந்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. மலேசியப் பணமான ரிங்கிட்டை அங்குள்ள தமிழர்கள் வெள்ளி என்கிறார்கள். ஒரு வெள்ளி நாங்கள் போனபோது ஏறக்குறைய 20 ரூபாய். நாலு வெள்ளி, அஞ்சு வெள்ளி என்று கேட்டுக் கேட்டு, ஊருக்கு வந்த பிறகு கீரைக்காரியிடம் "எத்தனை வெள்ளி" என்று கேட்டு அசடு வழிந்தேன்.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். நாசி கண்டார் என்று ஒன்று. நாசி என்றால் சோறு, கண்டார் என்றால் தோளில் தடி வைத்துச் சுமப்பது. ஒரு பக்கம் சோற்றுக் கூடை, மறுபக்கம் குழம்புப் பானை என்று காவடி போலத் தூக்கிக்கொண்டு தமிழ் முஸ்லிம்கள் துறைமுகக் கூலியாட்களுக்கு விற்ற சாப்பாடு. இன்றைக்குப் பினாங்கின் பெயரே அதுதான். காப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கம் இரவில் திறக்கும் கடை ஒன்றில் வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் சீனர், மலாய்க்காரர், கல்லூரிப் பிள்ளைகள், காதில் ஹெல்மெட் வார் தொங்கும் ஒரு டெலிவரிப் பையன். வரிசை நகர நகர அண்டாக்கள் கண்ணுக்குத் தெரிந்தன: கோழி, மாட்டுக்கறி, மீன் தலை, கணவாய், வெண்டைக்காய், மீன் சினை.

என் தட்டில் சோறு போட்டு, கோழியும் வெண்டைக்காயும் வைத்தவர், தமிழில், "எந்தக் குழம்பு?" என்றார். நான் யோசிப்பதற்குள் பின்னால் நின்ற சீனப் பையன், "பஞ்சிர்!" என்று எனக்காகச் சொல்லிவிட்டுச் சிரித்தான். பஞ்சிர் என்றால் வெள்ளம். அந்த ஆள் ஒரு அண்டாவில் ஒரு கரண்டி, அடுத்ததில் ஒரு கரண்டி, அதற்கடுத்ததில் அரைக் கரண்டி என்று மள மளவென்று ஊற்றினார். மீன் குழம்பு மேல் கறிக்குழம்பு, அதன் மேல் கறுப்பாக ஏதோ ஒன்று, ஓரத்தில் பருப்பு. சோறு முங்கிப்போயிற்று. நான் தட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். "நகரும்மா" என்று வீட்டுக்காரர் இடித்தார்.

உட்கார்ந்து ஒரு வாய் வைத்தேன். ஒவ்வொரு குழம்பும் தனித்தனியாக எனக்குத் தெரிந்ததுதான். சேர்ந்தபோது தெரியாத ஒன்றாக இருந்தது. பட்டையும் சோம்பும் முன்னால் வந்து, புளி நடுவில், கடைசியில் ஒரு சின்ன இனிப்பு. அம்மா இருந்திருந்தால் கூப்பிட்டுச் சொல்லியிருப்பேன். 40 வருடம் அப்பாவைக் கழனித் தொட்டி என்றாளே.

மறுநாள் மதியம் வேறொரு கடையில் ஒரு பாடம் கற்றோம். வீட்டுக்காரர் கண்ணில் பட்டதையெல்லாம் கை காட்டினார், கை நீளப் புலி இறாலும் மீன் சினையும் சேர்த்து. இந்தக் கடைகளில் தட்டைப் பார்த்துத்தான் விலை சொல்வார்கள். அந்த ஒரு தட்டு 52 வெள்ளி. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கை காட்டுவதற்கு முன்னால் விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

தெருச் சாப்பாட்டுக் கடைகளை அங்குள்ள தமிழர்கள் அங்காடிக் கடை என்கிறார்கள். ஒரு கூரையின் கீழ் பத்து இருபது வண்டி, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பண்டம். ஒருவர் முப்பது வருடமாக ஆப்பம் மட்டுமே சுடுகிறார், பெயரும் அப்போம்தான். பினாங்குத் தீவில் 2016 முதல் அங்காடிக் கடைகளில் வெளிநாட்டு ஆட்களை வைத்துச் சமைக்கக் கூடாது என்று விதி, கைப்பக்குவம் மாறிவிடும் என்பதற்காக. சமையலைத் தொடுகிறவர்கள் டைபாய்டு ஊசி போட்டு, பயிற்சிச் சான்றும் வைத்திருக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். தெருவில் சாப்பிட்டால் வயிறு கெடும் என்று எழுதியிருந்தீர்கள். நான்கு நாளில் எங்கள் இருவர் வயிறும் ஒரு முணுமுணுப்பு கூடக் காட்டவில்லை. அங்கே ஒரு வழக்கம் உண்டு: மேசை ஒருவருடையது, வண்டி இன்னொருவருடையது. மேசைக்காரரிடம் குடிக்க ஏதாவது வாங்க வேண்டும். வீட்டுக்காரர் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து வைத்ததும், ஒரு பாட்டி வந்து சுவரில் ஒட்டிய அட்டையைத் தட்டிக் காட்டிவிட்டுப் போனார். குடிக்க வாங்காவிட்டால் ஆளுக்கு ஒரு வெள்ளி. ஐஸ் காப்பி இரண்டு சொன்னோம்.

அசாம் லக்சா என்பதை மட்டும் விவரமாகச் சொல்லிவிடுகிறேன், கடற்கரைக்காரர்களுக்கு உபயோகப்படும். கானாங்கெளுத்தியை வேகவைத்து, முள் எடுத்து, உதிர்த்து, புளியும் மிளகாயும் சேர்த்த குழம்பு. எண்ணெய் மினுக்கமே கிடையாது. அதில் பென்சில் தடிமனில் வெள்ளை அரிசி நூடுல்ஸ். மேலே வெள்ளரிக்காய், அன்னாசி, வெங்காயம், புதினா, இஞ்சிச் செடி வகையைச் சேர்ந்த ஒரு பூவின் மொட்டைப் பொடியாக நறுக்கியது. கரண்டியில் தனியாகக் கறுப்பாக இறால் விழுது. அதைக் கரைத்ததும் நாற்றமா வாசனையா என்று தீர்மானிக்க முடியாத ஒன்று மூக்கில் ஏறுகிறது. நாகையில் கருவாட்டுக் காற்றில் வளர்ந்த எனக்கு அது வாசனை. வீட்டுக்காரர் கும்பகோணம், நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். மூன்றாவது கரண்டியில் என் கிண்ணத்துக்குள் அவர் கரண்டி வந்தது. இன்னொன்று வாங்கினோம்.

தட்டை நூடுல்ஸை இறால், சிப்பி, முளைப்பயறோடு கரியடுப்பில் ஒவ்வொரு தட்டாக வதக்கித் தரும் சார் குவே தியாவ் இன்னொன்று. சீனக் கடைகளில் பன்றிக் கொழுப்பில் செய்வது உண்டு. வேண்டாதவர்கள் ஹலால் கடையில் கேட்டு வாங்கலாம், நாங்கள் அப்படித்தான் செய்தோம். பினாங்கு ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் செண்டோலுக்கு ஒரு கூட்டம்: சீவின பனிக்கட்டி, தேங்காய்ப் பால், பனைவெல்லப் பாகு, சிவப்புக் காராமணி மாதிரி பெரிய பயறு, பச்சையாக அரிசிமாவுப் புழு. புழு என்று சொன்னது வீட்டுக்காரர். சாக்கடை ஓரத்தில் நின்றபடியே ஆளுக்கு இரண்டு கிண்ணம் குடித்தோம்.

இடையில் ஊரும் பார்த்தோம். ஒரு தெருவில் நடந்தாலே 1818இல் கட்டின தேவாலயம், சீன அம்மன் கோயில், பள்ளிவாசல், ஒரு திருப்பத்தில் 1833இன் மகா மாரியம்மன் கோயில். பினாங்கு மலைக்கு 1923 முதல் ஓடும் கம்பி ரயில், உச்சியில் முருகன். தண்ணீர்மலை முருகனுக்கு 500க்கும் மேற்பட்ட படி, என் முழங்கால் பாதியில் கும்பிடு போட்டுவிட்டது. சீன, தாய்லாந்து, பர்மியப் பாணிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய கெக் லோக் சி பௌத்தக் கோயில் கோபுரம். கடலுக்குள் மரக்காலில் நிற்கும், செவ் என்ற சீனக் குலத்தாரின் வீடுகள்.

சூலியா தெருவில் நாகூர் தர்கா இருக்கிறது. நம் நாகூர் ஆண்டவருக்கு 1800களின் தொடக்கத்தில் அங்கே போனவர்கள் எழுப்பிய நினைவிடம். சின்னக் கட்டடம், சுவரையொட்டிக் கடைகள். பேக்கேஜ் பஸ் அங்கே நிற்காது. அப்பாவின் கடை அந்தத் தெருவில்தான் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். எந்தக் கடை என்று யாருக்குத் தெரியும்? தர்கா வாசலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். அப்போதும் வீட்டுக்காரர் பக்கத்துக் கடையில் டீயை ஒரு முழ உயரம் இழுத்து ஆற்றுவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் நோட்டில் உள்ள கணக்கு: இருவருக்கும் நான்கு நாள் சாப்பாடு, டீ, செண்டோல் எல்லாம் 436 வெள்ளி, அந்த 52 வெள்ளித் தட்டையும் சேர்த்து. ஊருக்குள் துறைமுகத்திலிருந்து கொம்தார் என்ற உயரக் கட்டடம் வரை இலவச பஸ் ஓடுகிறது. மலைக்கு 204ஆம் எண் பஸ், சில்லறை சரியாக வைத்திருக்க வேண்டும், மீதி தர மாட்டார்கள்.

அடுத்த முறை இப்படி யோசனைப் பக்கம் போட்டால், எந்த ஊரில் எதை எந்த நேரத்தில் சாப்பிடலாம் என்று அங்கே போய் வந்தவர்களைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். உங்கள் பேச்சைப் போலவே என் வீட்டுக்காரரும் ஒரு தொக்கு பாட்டிலைப் பெட்டிக்குள் ஒளித்துத்தான் கொண்டுவந்தார், மூன்றாம் நாள் துணி எடுக்கும்போது கண்டுபிடித்தேன். அது மூடி திறக்காமல் திரும்பி வந்தது. இந்த வாரம் மோர் சோற்றுக்கு அதுதான் ஓடுகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சலக ஊழியர்,
நாகப்பட்டினம்.
(பெயர் வேண்டாம். 52 வெள்ளி விஷயம் வீட்டுக்காரரின் நண்பர்களுக்குத் தெரியாது.)