கண்டி வீதியில் நினைவு மரங்கள்: நடுவதற்கு முன் தண்ணீரைப் பேசுவோம்

வீதி அபிவிருத்தி அதிகார சபையின் வட மாகாண அதிகாரிகளுக்கும், பச்சிலைப்பள்ளி, சாவகச்சேரி, நல்லூர் பிரதேச சபைகள், சாவகச்சேரி நகர சபை, யாழ்ப்பாணம் மாநகர சபை ஆகியவற்றின் தலைமைகளுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

ஆனையிறவில் தொடங்கி யாழ்ப்பாண நகரம் வரை ஏ9 என்னும் கண்டி வீதியின் இருமருங்கிலும், போரில் மாண்டவர்களின் நினைவாக மரங்கள் நடுவதற்கு இடமும் அனுமதியும் தரவேண்டும் என்பது என் கோரிக்கை. காசு கேட்கவில்லை. தண்ணீர் கேட்கிறேன். அதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்லுகிறேன், ஏனென்றால் இந்த விடயத்தில் தண்ணீரைத் தவிர மற்றதெல்லாம் பேசித் தீர்க்கக்கூடியவை.

மரம் நடுவது எங்களுக்குப் புதிதல்ல. 2013இல் தெரிவான வட மாகாண சபை கார்த்திகையை மரநடுகை மாதமாக அறிவித்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு மாரிக்கும் பாடசாலை, கோயில், சனசமூக நிலையம் என்று கன்றுகள் கைமாறுகின்றன. விடுதலைப் புலிகளின் மாவீரர் நாளான நவம்பர் 27 நெருங்கும்போது அவற்றில் பல யாருக்காக நடப்படுகின்றன என்பது நடுகிறவருக்கும் தெரியும், பார்க்கிறவருக்கும் தெரியும். நல்ல பழக்கம்தான். ஆனால் கார்த்திகையில் கன்றோடு படத்துக்கு நிற்கிறவர்களைப் பங்குனியில் வாளியோடு காணமுடியாது. ஆவணியில் போய்ப் பார்த்தால் கம்பிக்கூடு மட்டும் நிற்கும், அதையும் சில இடங்களில் யாராவது கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

வீதியோரமாக நினைவு மரம் நடும் யோசனை என் சொந்தச் சரக்கல்ல. ரொறன்ரோவில் இருக்கும் எங்கள் பிள்ளைகள் நாளாந்தம் ஓடித்திரியும் 401 நெடுஞ்சாலையில், ட்ரென்ரனிலிருந்து ரொறன்ரோ வரையான பகுதிக்கு 2007இல் வீரர்களின் நெடுஞ்சாலை என்று பெயர் வைத்தார்கள். ஆப்கானிஸ்தானில் மாண்ட கனேடியப் படையினரின் உடல்கள் ட்ரென்ரன் விமானத்தளத்தில் இறக்கப்பட்டு அந்த வழியாகத்தான் கொண்டுபோகப்பட்டன. சனங்கள் மேம்பாலங்களில் கொடியோடு நின்று வழியனுப்பினார்கள். பின்னர் அந்த வீதியோரத்தில், கனடாவின் போர்களில் மாண்ட ஒவ்வொருவருக்கும் ஒன்றாக 117,000 மரங்கள் நடும் வேலையைத் தொடங்கினார்கள்.

அதற்கு ஏறத்தாழ நூறு வருடங்களுக்கு முன்பே அவுஸ்திரேலியாவின் பல்லரற் நகரில், ஓர் ஆடைத் தொழிற்சாலையில் வேலைசெய்த பெண்கள் முன்னின்று 1917க்கும் 1919க்கும் இடையில் ஏறத்தாழ 22 கிலோமீற்றர் நீளத்துக்கு மரம் நட்டார்கள். முதல் உலகப் போருக்கு அந்த ஊரிலிருந்து போன ஒவ்வொருவருக்கும் ஒரு மரம், மொத்தம் 3,700க்கும் மேல். செத்தவருக்கும் உண்டு, திரும்பி வந்தவருக்கும் உண்டு. பதவி பார்க்கவில்லை, படையில் சேர்ந்த ஒழுங்கில் வரிசையாக நட்டுக்கொண்டே போனார்கள். எனக்குக் கனடாக் கதையைவிட இந்தப் பெண்களின் கதைதான் பிடித்திருக்கிறது. எந்த அரசும் கட்டளையிடுவதற்கு முன்பே வேலையில் இறங்கியவர்கள்.

ஆனாலும் அந்த இரண்டு இடத்திலும் ஒரு நாட்டுக்கு ஒரு படைதான். எங்கள் வீதியின் கணக்கு அப்படியல்ல. ஆனையிறவில் 1991இலும் 2000இலும் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் விழுந்தார்கள். முகமாலையில் வருடக்கணக்காக முன்னரங்கம் இருந்தது. மிருசுவிலில் 2000 டிசம்பரில், விட்டுவந்த வளவைப் பார்க்கப்போன எட்டுப் பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் 2015இல் தண்டனை பெற்ற சிப்பாய் 2020இல் பொதுமன்னிப்பில் வெளியே வந்தார். நாவற்குழிப் பாலத்தை 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் முழுவதும் இடம்பெயர்ந்து மழையில் கடந்தது. செம்மணிப் புதைகுழியை நான் விளக்கத் தேவையில்லை. 2025இல் அங்கே தோண்டத் தோண்ட எலும்புக்கூடுகள் வந்தன. இதற்கெல்லாம் முதல், 1987இலிருந்து இந்தியப் படையினரும் இந்தக் குடாநாட்டில் செத்திருக்கிறார்கள், அவர்களுக்குப் பலாலியில் தூபி இருக்கிறது.

ஆகவே யாருக்கு மரம், யாருக்கு இல்லை என்று ஒரு பட்டியல் போட்டால் இந்தத் திட்டம் முதல் கூட்டத்திலேயே முடிந்துவிடும். என் யோசனை இதுதான்: கன்று கேட்டு வருகிறவரிடம் இறந்தவர் எந்த உடுப்பில் இருந்தார் என்று கேட்கவேண்டாம். பெடியன் இயக்கத்தில் இருந்தானா, எந்த இயக்கம், வயலுக்குப் போனவனா, செல் விழுந்து வீட்டுக்குள் செத்தவளா, ஒன்றும் வேண்டாம். குருநாகலிலிருந்து ஒரு தாய் பஸ் ஏறி வந்து, என் மகன் ஆனையிறவில் போனவன், ஒரு கன்று தாருங்கள் என்றால் அவருக்கும் கொடுக்கவேண்டும். இதை எழுதும்போது எங்கள் ஆட்களில் சிலர் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. படையினருக்குத்தான் ஆனையிறவில் பெரிய தூபி இருக்கிறதே, கோப்பாயில் எங்கள் பிள்ளைகள் புதைக்கப்பட்ட துயிலும் இல்லத்தை இடித்து அதன்மேல் முகாம் கட்டினார்களே, அவர்களுக்கு மரமும் எதற்கு என்பார்கள். அந்தக் கோபம் நியாயமானது. நான் அதோடு வாதாட வரவில்லை. தூபி அரசு கட்டியது, கன்று கேட்பது தாய் என்று மட்டும் சொல்லுகிறேன்.

இன்னொன்று, இதில் நான் உறுதியாக இருக்கிறேன். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் வீட்டுப் படலைக்குக் கன்றோடு யாரும் போகக்கூடாது. கிளிநொச்சியில் அந்தத் தாய்மார் 2017 பெப்ரவரியிலிருந்து இதே ஏ9 வீதியோரம் இருந்து கேட்டது நினைவு மரத்தை அல்ல. பிள்ளை எங்கே என்று கேட்டார்கள். அவர்களிடம் நினைவு மரம் என்று சொன்னால் அது பிள்ளை செத்துவிட்டான் என்று எழுதிக் கொடுப்பதற்குச் சமம். தானாக வந்து கேட்கிறவருக்குக் கொடுங்கள். நாங்களாகப் போய்க் கேட்பது வேண்டவே வேண்டாம்.

பெயர்ப்பலகையும் வேண்டாம். பெயர் எழுதினால் எந்தப் பெயருக்கு முன்னால் என்ன பட்டம், எந்த மொழி மேலே, எந்த மொழி கீழே என்று சண்டை தொடங்கும். பிறகு ஒருநாள் பொலிஸ் வரும், அல்லது ஜேசிபி வரும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து நினைவுத்தூபியை 2021 ஜனவரி 8 இரவு இடித்தார்கள். சனம் திரண்டதால் திரும்பக் கட்டவேண்டி வந்தது, ஆனால் ஒவ்வொரு தடவையும் சனம் திரளுமென்று நம்பியிருக்க முடியாது. வேரடியில் ஒரு சிறிய சீமெந்துக் கட்டை, அதில் ஓர் இலக்கம், அவ்வளவு போதும். இலக்கம் யாருடையது என்பது குடும்பத்துக்குத் தெரியும், பிரதேச சபையின் பதிவேட்டில் இருக்கும். திவசத்தன்று வந்து ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிவிட்டுப் போகிறவரை எந்தச் சட்டமும் கேள்வி கேட்க முடியாது. முக்கியமாக, திட்டத்தைத் திறந்துவைத்தவரின் பெயரைக் கல்லில் பொறிக்கும் வழக்கத்தை இந்த ஒரு வேலையிலாவது விட்டுவிடுங்கள்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். விவசாயப் போதனாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன் என்பதால் இதில் கொஞ்சம் நீட்டி எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐம்பது கிலோமீற்றருக்கும் ஒரே மரம் சரிவராது. முகமாலை, எழுதுமட்டுவாள் பக்கம் மணல்பாங்கு, வெட்டவெளி, சோளகக் காற்று அடித்தால் மறைப்பில்லை. அங்கே பனைதான். போர்க்காலத்தில் காவலரணுக்கும் பதுங்குகுழிக்கும் எல்லாத் தரப்பும் தறித்தது பனையைத்தான், அந்த மண் அதைத் திரும்பக் கேட்கிறது. பனைக்குக் கன்று வளர்க்கும் செலவில்லை. ஆவணி, புரட்டாதியில் பழம் விழும்போது கொட்டை சேர்த்து, மாரிக்கு முன் நடுகிற இடத்திலேயே தாட்டுவிட்டால் வேர் நேராகக் கீழே போய்விடும். பிடுங்கி நட நினைத்தால்தான் கெடும். தண்ணீர் ஊற்றத் தேவையில்லை, கட்டாக்காலி மாடுகள் வடலியின் ஓலையைக் கடித்தாலும் குருத்து திரும்ப வரும். தறிக்க அனுமதி வேண்டுமென்று சட்டமும் இருப்பதால் பிற்காலத்துக்கு ஒரு காவலும் உண்டு. ஒரே சிக்கல், பனம்பழம். மோட்டார் சைக்கிளில் போகிறவன் தலையில் விழுந்தால் நினைவு மரத்துக்கு இன்னொரு நினைவு மரம் நடவேண்டி வரும். பாளை தள்ளும்வரை ஆணா பெண்ணா என்று தெரியாது, அதற்குப் பத்துப் பதினைந்து வருடமாவது ஆகும். ஆகவே பனையை வீதி ஒதுக்கத்தின் வெளி எல்லையில் மட்டும் போடுங்கள், தார்க்கரையோடு வேண்டாம்.

அங்கே ஒரு கண்டிப்பும் உண்டு. முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றியதாக எழுத்தில் உறுதிசெய்யப்பட்ட எல்லைக்கு வெளியே ஒருவரும் அலவாங்கு போடக்கூடாது. பாடசாலைப் பிள்ளைகளை அந்தப் பகுதிக்குச் சிரமதானத்துக்கு அழைத்துப்போவது பற்றி நினைக்கவே வேண்டாம்.

மிருசுவில், கொடிகாமம், மீசாலை, சாவகச்சேரி, நுணாவில் பகுதியில் வீடுகள் உண்டு, கிணறுகள் உண்டு. வேம்பு, இலுப்பை, புளி மூன்றும் நல்லவை. வேம்பு வெக்கையைத் தாங்கும். புளி ஆறுதலாக வளரும், ஆனால் பேரப்பிள்ளைகள் காலத்துக்கும் நிற்கும். சந்திகளிலும் வளைவுகளிலும் எதையும் நடவேண்டாம், இந்த வீதியில் விபத்துக்குக் குறைவில்லை. மின்கம்பிக்கு நேர்கீழேயும் வேண்டாம். மின்சார சபை வந்து ஒருபக்கக் கொப்பு முழுவதையும் வெட்டிவிட்டுப் போகும், பிறகு அந்தக் குடும்பம் மரத்தைப் பார்க்கவே விரும்பாது. மலைவேம்பு வேகமாக வளருமென்று சிலர் ஆசை காட்டுவார்கள். வேகமாக வளருவதை வேகமாக வெட்டவும் ஆள் வரும்.

கைதடி தாண்டினால் மண் மாறும். நாவற்குழியிலிருந்து செம்மணி வரை கடல்நீரேரி, உவர் மண். அங்கே வேம்பு நட்டுவிட்டு அழவேண்டாம். பூவரசும் புங்கையும் உப்பை ஓரளவு தாங்கும். அவற்றுக்கும் குழியை அகலமாக வெட்டி, நல்ல மண்ணும் எருவும் போட்டு, மேட்டில் நடவேண்டும். வேறு நாடுகளிலும் நெடுஞ்சாலையோர மண் இறுகிக் கிடப்பதால் முதலில் மண்ணைத்தான் பண்படுத்துகிறார்கள். எங்கள் வீதியோரத்தில் 2009க்குப் பிறகு வீதியை அகலித்தபோது கொட்டி இறுக்கிய கிரவலில் மண்வெட்டி இறங்குவதே பெரும்பாடு.

இப்போது தண்ணீர். எங்களுக்கு மழை ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. தையோடு முடிந்துவிடும். மாசி முதல் புரட்டாதி வரை எட்டு மாதம் கன்று எங்கள் கையில். பனையை விட்டுவிட்டு மற்ற மரங்களில் ஆயிரம் கன்று என்று வைப்போம். ஒரு கன்றுக்கு ஒரு தரத்துக்கு 20 லீற்றர், கிழமைக்கு இரண்டு தரம் என்றால் கிழமைக்கு 40,000 லீற்றர். 5,000 லீற்றர் பவுசர் எட்டு நடை ஓடவேண்டும். ஒரு கோடை முழுவதும் ஒவ்வொரு கிழமையும் இப்படித்தான். கன்று தன்காலில் நிற்க மூன்று கோடை வேண்டும். இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு எத்தனை கன்று என்று முடிவெடுங்கள். பத்தாயிரம் நடுவோம் என்று பத்திரிகையில் அறிவித்துவிட்டு முந்நூறைக் காப்பாற்றுவதைவிட, முந்நூறை நட்டு முந்நூறையும் காப்பாற்றுவது மேல். செத்தவர் பெயரில் நட்ட கன்று காய்ந்து நிற்பதை அவருடைய தாய் பஸ் யன்னலால் பார்க்கக்கூடாது.

பவுசர் முழுவதையும் சபைகள் தலையில் கட்டவில்லை. வீட்டு வாசலில் நிற்கும் கன்றை அந்த வீட்டுக்காரரே பார்ப்பார்கள். இந்த வீதியோரத்தில் யாரையும் இழக்காத வீடு குறைவு. வெட்டவெளியில் நிற்பவற்றுக்குத்தான் பவுசர். புலம்பெயர்ந்த உறவுகள் இதற்குக் காசு தர முன்வருவார்கள் என்று நம்புகிறேன். அவர்களிடம் நடுகை விழாவுக்குப் பந்தல் போடக் கேட்காமல் மூன்று கோடைக்குப் பவுசர் ஓட்டுநர் சம்பளத்தையும் டீசலையும் கேளுங்கள்.

அதிகார சபையிடம் தனியாக ஒன்று. பிற்காலத்தில் வீதியை இன்னும் அகலிக்கும் எண்ணம் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். எதிர்கால எல்லை எதுவோ அதற்கு வெளியே கோடு கீறி, கல் நட்டுத் தாருங்கள். புகையிரதப் பாதை வீதியோடு ஒட்டி ஓடும் இடங்களில் புகையிரதத் திணைக்களத்தோடும் நீங்களே பேசவேண்டியிருக்கும். எங்களைப் போன்றவர்கள் கடிதம் போட்டால் பதில் வருவதற்குள் பனை காய்த்துவிடும்.

ஆடி முடிவதற்குள் எல்லைக்கல் வேலை முடிந்தால், ஆவணியில் பனங்கொட்டை சேர்க்கலாம், புரட்டாதியில் குழி வெட்டலாம், ஐப்பசி முதல் மழைக்கு நடலாம். அதுவும் முதல் வருடம் கன்றுகள் நாவற்குழியிலிருந்து சாவகச்சேரி வரை மட்டும். பதிவேட்டை எப்படி வைப்பது, எந்தக் கன்றை எங்கே வாங்குவது என்று பேச நீங்கள் எந்த நாள் கூப்பிட்டாலும் வருகிறேன். கூட்டம் காலையில் என்றால் நல்லது, பின்னேரத்தில் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கவேண்டும்.

இப்படிக்கு,
தென்மராட்சியிலிருந்து ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர் ஒருவர்