நால்வரில் ஒருவர் விலகும்போது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையின் ஞாயிறு இதழில், மேலைத்தேய இசையின் தந்திக்கருவி நால்வர் குழுக்களைப் பற்றி வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். தமிழ் வாசகர்களுக்கு அதிகம் பழக்கமில்லாத ஒரு பொருளுக்கு இவ்வளவு இடம் ஒதுக்கியமைக்கு நன்றி கூறுகிறேன். ஆயினும், நெடுங்காலம் ஒன்றாக வாசித்த நால்வரில் ஒருவர் விலகி அவ்விடத்தில் இன்னொருவர் அமர்ந்துவிட்டால் அது பழைய குழுவே அன்று என்றும், விலகியவர் குழுவுக்குத் துரோகம் செய்தவர் என்றும் கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அவ்வாறு விலகியவர்களில் நானும் ஒருவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

1992 முதல் 2011 வரை மட்டக்களப்பில் நாங்கள் நால்வர் சேர்ந்து வாசித்தோம். இத்தகைய குழுவில் வழக்கமாக இரண்டு வயலின்களும், வயலினைவிடச் சற்றுப் பெரிதான வியோலாவும், கீழ்க்குரலைத் தாங்கும் பெரிய கருவியான செலோவும் இருக்கும். செலோவோ வியோலாவோ எங்கள் கைக்கு எட்டவில்லை. எங்களிடம் இருந்தவை மூன்று வயலின்களும் ஒரு கிட்டாரும்தான். நான் இரண்டாம் வயலின். வியோலாவுக்கு உரிய பகுதியை மூன்றாமவர் தம் கைப்பட வயலினுக்கு மாற்றி எழுதினார். செலோவின் கீழ்க்குரலைக் கிட்டார் தாங்கியது. தேவாலயப் பாடல்கள் நான்கு குரல்களுக்கென எழுதப்பட்டவை ஆகையால் அவற்றில் தொடங்கி, மெல்ல மெல்ல ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஹைடனிடம் வந்து சேர்ந்தோம். ஒத்திகை புளியந்தீவில் முதல் வயலின்காரரின் வீட்டு விறாந்தையில் நடக்கும். கல்லடியில் இருந்து பாலத்தைக் கடந்து, வயலின் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, சோதனைச் சாவடியில் அதைத் திறந்து காட்டிவிட்டு நான் போய்ச்சேர்வேன். இருட்டுவதற்கு முன் திரும்பிவிட வேண்டும். மாரிகாலத்தில் வாவிக் காற்றின் ஈரத்தில் தந்திகளை முறுக்கும் பிருடைகள் ஊறி இறுகிவிடும் என்பதால், சுருதி கூட்டுவதிலேயே பாதி நேரம் போய்விடும். 2004ஆம் ஆண்டு கடல் ஊருக்குள் வந்தபோது எங்களில் ஒருவரின் வீடும் கருவியும் போயின. மற்ற மூவரும் சேர்ந்து அவருக்கு வேறொரு கருவி வாங்கிக் கொடுத்த பிறகே நாங்கள் மறுபடியும் உட்கார்ந்தோம். போரும் கடலும் பிரிக்க முடியாத நால்வர் பிரிந்தது எதனால் என்பதைச் சொல்வதற்கு முன், ஹைடனைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டியிருக்கிறது.

ஹைடன் 1797இல் இயற்றிய ‘எம்பரர்’ என்ற நால்வர் இசையின் இரண்டாம் பகுதியில் ஒரே மெட்டு மீண்டும் மீண்டும் வருகிறது. முதலில் அதை முதல் வயலின் வாசிக்கிறது. அடுத்த முறை இரண்டாம் வயலினுக்கும், அதன்பின் செலோவுக்கும், பின்னர் வியோலாவுக்கும் அது கைமாறி, இறுதியில் முதல் வயலினுக்கே திரும்புகிறது. இரண்டாம் வயலின் மெட்டை வாசிக்கும்போது மற்ற இரு கருவிகளும் மௌனமாகிவிட, முதல் வயலின் மட்டும் அந்த மெட்டைச் சுற்றி நுணுக்கமான சுரங்களைப் பின்னிக்கொண்டே வரும். ஆண்டு முழுவதும் அடுத்தவரின் குரலுக்குக் கீழே ஒத்து வாசிக்கும் இரண்டாமவருக்கு அந்தச் சில நிமிடங்கள் எத்தகையவை என்பதை அந்த இருக்கையில் இருந்தவர்களே அறிவர். எங்கள் கூத்துக் களரியில் பிற்பாட்டுக்காரருக்கும் இது புரியும் என்று நினைக்கிறேன்.

கடைசி இரண்டு மூன்று ஆண்டுகளில், அந்த இடம் வரும்போதெல்லாம் எங்கள் முதல் வயலின்காரர் வேகத்தைக் கூட்டத் தொடங்கினார். மெட்டு என்னிடம் இருந்தும், நான் அவருக்குப் பின்னால் ஓட வேண்டியிருந்தது. நான் எதுவும் சொல்லவில்லை. எந்த விழாவுக்குப் போவது, எதை வாசிப்பது என்பவற்றை அவர் தனியே முடிவெடுத்து எங்களுக்கு அறிவித்தார். அப்போதும் நான் பேசாமல் இருந்தேன். பின்னர் ஒரு திருமண விழாவின் பதாகையில் அவருடைய பெயரைப் பெரிதாக எழுதி அதன் கீழே ‘குழுவினர்’ என்று அச்சிட்டிருந்தார்கள். பத்தொன்பது ஆண்டுகள் ஒன்றாக வாசித்தபின் நாங்கள் மூவரும் ஒரே சொல்லாகிவிட்டதைப் பார்த்துக்கொண்டே அன்று வாசித்து முடித்தேன். அடுத்த கிழமை மணிக்கட்டு நோகிறது என்று சொல்லி அனுப்பினேன். அதன்பிறகு போகவில்லை. என் மணிக்கட்டில் எந்த நோவும் இருக்கவில்லை.

நான் செய்த பிழை அந்தப் பொய்தான். விலகியது பிழையென்று இன்றும் நான் கருதவில்லை. மனம் கசந்தபின் சிரித்த முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் வில் அதை மறைக்காது. நால்வர் குழுவில் இசை நடத்துநர் இல்லை. ஒருவர் மூச்சை இழுப்பதைப் பார்த்தே மற்றவர் வில்லை வைக்கிறார். முகத்தைப் பார்க்க விரும்பாதவரோடு அவ்வாறு வாசிக்க முடியாது.

உலகப் புகழ்பெற்ற குழுக்களின் வரலாறும் கட்டுரையாளர் சொல்வது போல் இல்லை. புடாபெஸ்ட் நகரின் ஒபரா வாத்தியக்குழுவைச் சேர்ந்தவர்கள் 1917இல் தொடங்கிய புடாபெஸ்ட் நால்வர் குழுவில் உறுப்பினர்கள் ஒவ்வொருவராக மாறிக்கொண்டே வந்து, 1936இல் ஹங்கேரியர் ஒருவர்கூட இல்லாமல், நால்வருமே பழைய ரஷ்யப் பேரரசில் பிறந்தவர்களாக ஆகிவிட்டார்கள். இருந்தும் பெயர் மாறவில்லை. பீத்தோவனின் நால்வர் இசையை ஒரு தலைமுறைக்கே அறிமுகப்படுத்திய பெருமை, தொடக்கத்தில் இருந்தவர்களில் ஒருவரும் எஞ்சியிராத அந்த நால்வருக்கே உரியது. அவர்களில் இருவர் உடன்பிறந்தவர்கள். மூத்தவரான மீஷா ஷ்னைடர் செலோ வாசித்தார். இளையவரான அலெக்சாண்டர் இரண்டாம் வயலின். இளையவர் 1944இல் அண்ணனையும் குழுவையும் விட்டு விலகி, தமக்கு விருப்பமான வேறு இசைப் பணிகளுக்குப் போனார். பத்தாண்டுகளுக்கு மேல் கழித்து அதே இரண்டாம் இருக்கைக்குத் திரும்பி வந்தார். அவர் சென்றதை அண்ணன் துரோகம் என்று கருதியிருந்தால், திரும்பி வருவதற்கு அங்கே கதவு திறந்திருக்குமா?

இரண்டாம் இருக்கையின் கசப்பைத் தொடக்கத்திலேயே போக்க வழி தேடியவர்களும் உண்டு. 1976இல் தொடங்கிய அமெரிக்காவின் எமர்சன் குழுவில் இரு வயலின்காரர்களும் முதல் இடத்தை மாறி மாறி வகித்தார்கள். 2023இல் அவர்களாகவே முடித்துக்கொள்ளும்வரை அந்த வழக்கம் நீடித்தது.

பேசி வைக்காத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கும் அமெரிக்காவிலேயே சான்று இருக்கிறது. ஓடுபன் என்ற குழுவில் 2000ஆம் ஆண்டு மூவர் சேர்ந்து முதல் வயலின்காரரை வெளியேற்றினார்கள். அவர் நீதிமன்றம் சென்றார். இசைக்குழுவை ஒரு வியாபார நிறுவனத்தைப் போல மதிப்பிட்டு, அவருடைய பங்காக 6 இலட்சம் டொலருக்கும் மேல் கொடுக்குமாறு நீதிமன்றம் மூவருக்கும் உத்தரவிட்டது. வாசிக்கும் கருவிகளையே இழக்கும் நிலைக்கு அவர்கள் தள்ளப்பட்டார்கள். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் இயங்கிய ஒரு குழுவுக்கு நேர்ந்த கதி அது.

கட்டுரையாளர் முன்மாதிரியாகக் காட்டும் அமேடியஸ் குழுவை நானும் நேசிக்கிறேன். 1948இல் இலண்டனில் முதன்முதலாக அப்பெயரில் மேடையேறிய அந்த நால்வர், 1987இல் வியோலாக் கலைஞர் பீட்டர் ஷிட்லொவ் இறக்கும்வரை மாறவே இல்லை. அவர் இறந்தபின் மற்ற மூவரும் வேறொருவரைத் தேடாமல் நிறுத்திக்கொண்டார்கள். அது அவர்களுடைய முடிவு, அதை வணங்குகிறேன். ஆனால் எல்லோருக்கும் அதையே சட்டமாக்கினால், மாஸ்கோவின் பீத்தோவன் நால்வர் குழுவில் நடந்ததை எங்கே வைப்பது?

ரஷ்ய இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச் இயற்றிய 15 நால்வர் இசைகளில் பெரும்பாலானவற்றை முதன்முதலில் அரங்கேற்றியவர்கள் அந்தக் குழுவினரே. நாற்பது ஆண்டுகளுக்குக் கிட்ட மாறாதிருந்த அந்த நால்வரில், வியோலாக் கலைஞர் வாதிம் போரிசோவ்ஸ்கி உடல்நலக் குறைவால் 1964இல் விலக, அவருடைய மாணவர் ஃபியோதர் த்ருஷினின் அவ்விடத்துக்கு வந்தார். அடுத்த ஆண்டே இரண்டாம் வயலின்காரர் வாசிலி ஷிரின்ஸ்கி காலமானார். குழு நின்றுவிடக் கூடாது, வேறொருவர் வந்து அமர வேண்டும் என்று விரும்பியவர்களில் ஷோஸ்டகோவிச்சும் ஒருவர். அவர் 1966இல் தம் பதினோராவது நால்வர் இசையை மறைந்த இரண்டாம் வயலின்காரரின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். பன்னிரண்டாவதை முதல் வயலின்காரருக்குக் கொடுத்தார். 1970இல் எழுதிய பதின்மூன்றாவதை, குழுவை விட்டு ஏற்கெனவே விலகியிருந்த போரிசோவ்ஸ்கிக்குச் சமர்ப்பித்து, அதில் வியோலாவையே முன்னே நிறுத்தினார். பதினான்காவது செலோக் கலைஞருக்கு. 1975இல் மரணத்தறுவாயில் எழுதிய கடைசிப் படைப்பான வியோலா சொனாட்டாவை, புதிதாக வந்த த்ருஷினினுக்குக் கொடுத்தார். போனவரையும் வந்தவரையும் ஒரே கையால் அணைத்த ஒருவர் அங்கே இருந்தார். எங்களுக்கு நடுவில் அப்படி ஒருவர் இருக்கவில்லையே என்று இதை நினைக்கும்போதெல்லாம் ஏங்குகிறேன்.

எமது மாவட்டத்தில் தேவாலயக் குழுக்களும், திருமண வீடுகளில் வயலின் வாசிக்கும் பறங்கியர் குழுக்களும், நாதஸ்வரக் குழுக்களும், ஒவ்வோர் ஊரிலும் கூத்துக் குழுக்களும் இருக்கின்றன. கூத்தில் மூத்த அண்ணாவியார் தளர்ந்தபின் மத்தளத்தை இன்னொருவர் ஏந்துவதை எவரும் துரோகம் என்று சொல்வதில்லை. ஆனால் உயிரோடும் பலத்தோடும் இருக்கும் ஒருவர், ‘இந்த இடத்தில் இருக்க எனக்கு மனமில்லை’ என்று சொல்லி மரியாதையோடு எழுந்து போக நாம் வழி வைக்கவில்லை. பதாகையில் யார் பெயர் வரும், எதை வாசிப்பது என்பதில் எத்தனை பேருடைய சம்மதம் வேண்டும், கிடைக்கும் பணம் எப்படிப் பிரியும், ஒருவர் போக விரும்பினால் எவ்வளவு முன்னதாகச் சொல்ல வேண்டும் என்பவற்றை, ஒருவரோடொருவர் முகம் கொடுத்துக் கதைக்கும் நாட்களிலேயே ஒரு கொப்பித் தாளில் எழுதி எல்லோரும் கையொப்பமிட்டு வைக்குமாறு இக்குழுக்களில் இருப்போரை வேண்டிக்கொள்கிறேன். எழுதக் கூசினால் வாய்விட்டாவது பேசிக்கொள்ளுங்கள். நாங்கள் பத்தொன்பது ஆண்டுகளில் ஒரு மாலைகூட அதற்கு ஒதுக்கவில்லை.

சென்ற நத்தார் காலத்தில் எங்கள் பழைய குழுவை ஒரு தேவாலயத்தின் பின்வரிசையில் இருந்து கேட்டேன். என் இடத்தில் இருபத்துமூன்று வயதுப் பிள்ளை ஒருவர் இருந்தார். ஹைடனின் அந்த மெட்டு இரண்டாம் வயலினுக்கு வந்தபோது அவர் அவசரப்படவில்லை. முதல் வயலின்காரரும் அவருக்காகக் காத்து, அவருடைய மெட்டுக்குப் பின்னால் சுரங்களை மெல்லப் பின்னிக்கொண்டு வந்தார். எனக்கு அப்படி அவர் செய்யவில்லையே என்று ஒரு கணம் நெஞ்சு வலித்தது உண்மை. ஆனால் அது எங்கள் குழுதான். மூன்றாமவர் மாற்றி எழுதிய அதே தாள்களில் இருந்துதான் வாசித்தார்கள்.

நிகழ்ச்சி முடிந்தபின் அந்தப் பிள்ளை என்னிடம் வந்து, ‘சேர், உங்கட பழைய தாளில பென்சிலால வில் குறிச்சு வச்சிருக்கிறீங்களாமே, பார்க்கலாமா?’ என்று கேட்டார். அடுத்த நாளே கொண்டுபோய்க் கொடுத்தேன். முதல் வயலின்காரரோடு இன்னும் பேசவில்லை. அவருடைய வீட்டுக்கும் ஞாயிறுதோறும் இதே பத்திரிகைதான் வருகிறது. மணிக்கட்டு நோகிறது என்று 2011இல் நான் சொல்லி அனுப்பியது பொய் என்பதை அவர் இங்கேயாவது வாசிக்கட்டும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.