அத்தைக்கு, அந்தக் கண்ணாடியைப் பற்றி

அன்புள்ள அத்தைக்கு,

நேற்று உங்களுக்கு முதல் வருடத் திதி கொடுத்தோம். உங்கள் படத்துக்குப் பூ வைத்தபோது பேரன் மெதுவாக "அம்மன்னா" என்றான். அவன் ஏன் அப்படிச் சொன்னான் என்பது நம் இருவருக்கு மட்டுமே தெரியும். மூன்று மாதங்களாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த முடிவை நேற்று இரவுதான் எடுத்தேன்: மே மாதம் இரண்டாவது வாரத்தில் அவனை ஆபரேஷனுக்காக மதுரையில் சேர்க்கிறோம். நீங்கள் இருந்திருந்தால் உங்களிடம் சண்டை போட்டுவிட்டுத்தான் இந்த முடிவுக்கு வந்திருப்பேன். எதிர்த்துப் பேச ஆளில்லாமல் முடிவெடுப்பது இவ்வளவு கடினமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

பிறக்கும்போதே பிளந்திருந்த அவன் உதட்டையும் அண்ணத்தையும் (வாயின் மேற்கூரையையும்) தைத்தது உங்கள் மடியிலேயே நடந்ததைப் போன்றது. அதையெல்லாம் நான் எழுத வேண்டியதில்லை. இது நீங்கள் அறியாதது. மேல் ஈறில் இன்னும் மூடாமல் இருக்கும் பிளவில் எலும்பு வைக்கப் போகிறார்கள். இடுப்பெலும்பின் உள்ளேயிருந்து பஞ்சுபோன்ற பகுதியைச் சுரண்டி எடுத்து, ஈறின் இடைவெளியில் நிரப்பித் தைப்பார்கள். கோரைப்பல் இறங்குவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டுமாம். எலும்பு இருந்தால்தான் அந்தப் பல்லுக்கு இறங்கி நிற்க இடம் கிடைக்கும். அவனுக்கு ஒன்பது வயது முடியப்போகிறது, எக்ஸ்ரேயில் பல்லின் வேர் நீண்டு வருவதை மருத்துவர் விரலால் தொட்டுக் காட்டினார். "நடக்கிற பிள்ளையோட இடுப்புலயா?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. நானும் அதையேதான் கேட்டேன். சில நாட்கள் நொண்டுவான், பிறகு சரியாகிவிடும் என்றார்.

காலம் தவறிவிடக் கூடாது என்ற பயம் எனக்கு எப்போது வந்தது என்று உங்களுக்குத் தெரியும்.

அப்போது அவனுக்கு நாலரை வயது. மூக்குக்குக் கீழே சின்னக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு "பப்பப்பா", "தத்தத்தா" என்று சொல்ல வைக்குமாறு பேச்சுப் பயிற்சி கொடுத்த அம்மா சொல்லியிருந்தார். காற்று வாய் வழியாகவே வந்தால் கண்ணாடி தெளிவாக இருக்கும். மூக்கில் கசிந்தால் ஆவி படியும். வீட்டில் இருக்கும் நம் காதுக்கு அவன் பேச்சு பழகிவிட்டது என்பதால் நான் என் காதை நம்பாமல் கண்ணாடியை நம்பினேன். வேலை முடிந்து வந்ததும் "இன்னைக்குக் கண்ணாடி சுத்தமா இருந்துச்சு" என்பீர்கள். நான் நோட்டில் குறித்துக்கொள்வேன். ஒரு வெள்ளிக்கிழமை அரை நாள் விடுப்பில் வந்தேன். திண்ணையில் அவன் உங்கள் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து "பப்பப்பா" சொல்ல முயன்றான். அது "மம்மம்மா" என்று வந்தது. கண்ணாடியில் மொச்சைக்கொட்டை அளவில் இரண்டு வெள்ளை வட்டங்கள் தோன்றின. நீங்கள் முந்தானையால் அவற்றைத் துடைத்துவிட்டு, "பாரு சாமி, ஒண்ணுமே இல்ல" என்று கண்ணாடியை அவன் பக்கம் திருப்பிக் காட்டினீர்கள். அவன் கை தட்டிச் சிரித்தான்.

அன்று இரவு நான் உங்களைச் சொன்ன சொல்லை இங்கே எழுத மாட்டேன். நம் சொந்தக்காரர்கள் பலர் இதைப் படிப்பார்கள். அந்தச் சொல்லுக்காக உங்கள் காலில் விழ வேண்டியவள் நான். உங்கள் உடம்புக்கு முடியாமல் போன கடைசி மாதத்திலும் எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அத்தை, என் பக்கத்தையும் சொல்ல விடுங்கள். 2010 ஜனவரி 15, மாட்டுப் பொங்கலும் தை அமாவாசையும் சூரிய கிரகணமும் ஒன்றாக வந்த அன்று நான் முற்றத்துக்கு வந்து துணி எடுத்ததால்தான் பிள்ளைக்கு இப்படி ஆனது என்று நீங்கள் எத்தனை பேரிடம் சொன்னீர்கள்! எனக்கு அப்போது ஐந்தாம் மாதம். மேலுதடு சேர்வது ஏழாவது வாரத்துக்குள், அண்ணம் சேர்வது பன்னிரண்டாவது வாரத்துக்குள் முடிந்துவிடுகிறது என்று மருத்துவர் சொன்னதை நான் வந்து சொன்ன பிறகு, நீங்கள் கிரகணப் பேச்சை எடுக்கவே இல்லை. ஆனால் அதுவரை சொன்னது என் நெஞ்சில் கிடந்தது. அதுதான் அன்று இரவு வெளியே வந்தது.

அண்ணத்தின் பின்பகுதியான மெல்லண்ணம் குட்டையாக இருந்து தொண்டையின் பின்சுவரைத் தொடாவிட்டால், எத்தனை முறை சொல்லிப் பழகினாலும் வல்லினம் மெல்லினமாகத்தான் வரும். அதைச் சரிசெய்ய 2015 கோடை விடுமுறையிலேயே நடந்திருக்க வேண்டிய ஆபரேஷன், கண்ணாடி சுத்தம் என்று நம்பியிருந்ததால் 2016 மே மாதம்தான் நடந்தது. இடையில் முதல் வகுப்பு முழுவதும் போயிற்று. அந்த ஒரு வருடம் அவன் பசிக்கிறது என்று சொல்லாமல் தட்டை எடுத்துக் காட்டினான். அதை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

"ஊருல எல்லா கெழவியும் அப்பத்தா, நான் ஒருத்திதான் அம்மன்னா" என்று நீங்கள் பெருமையாகச் சொல்வீர்களே, அந்தப் பெயர் போய்விடும் என்றுதான் துடைத்தீர்களோ என்றுகூட நினைத்திருக்கிறேன். அப்படி நினைத்ததும் தப்புதான். மயக்க மருந்து கொடுத்தால் பிள்ளை எழுந்திருப்பானோ என்ற பயம் ஒன்றுதான் உங்களுக்கு. ஆபரேஷனுக்குப் பிறகு அவன் குறட்டை விட்ட இரவுகளில் சுவரில் சாய்ந்தபடி விடிய விடிய அவன் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தவர் நீங்கள்தான். எட்டு மாதப் பயிற்சிக்குப் பிறகு அவன் வாசலில் நின்று "அப்பத்தா" என்று முதல் முறையாகத் தெளிவாகக் கூப்பிட்டபோது, நீங்கள் கீரை ஆய்ந்துகொண்டே இருந்தீர்கள், திரும்பவில்லை. தெருப்பிள்ளை யாரோ தன் அப்பத்தாவைக் கூப்பிடுகிறது என்று நினைத்ததாகப் பிறகு சொன்னீர்கள்.

இந்த முறையும் ஆபரேஷனுக்குப் பிறகு கொஞ்ச நாட்களுக்கு அவன் மென்று சாப்பிடக் கூடாது. நொய்யரிசிக் கஞ்சியில் நீங்கள் எவ்வளவு சீரகம் போடுவீர்கள், பூண்டை எப்போது போடுவீர்கள் என்று ஒரு நாளும் நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. போன வாரம் இரண்டு முறை வைத்துப் பார்த்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, இது அந்தக் கஞ்சி இல்லை என்று சொல்லிவிட்டான்.

உங்கள் மருமகள்